கிராம ஆதாரங்களை நெடுங்காலம் பேணுதல்

பாலாற்றுப் படுகையில் பயிர் செய்யும் குடியானவர்க்கு, நிலப்பட்டாவுக்கு அடுத்தபடியாக வேண்டுவது கிணற்றுநீர்ப் பரிசோதனைச் சீட்டேயாகும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த கழிவுநீரால் நிலமும் நீரும் கெட்டது குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதன் பயனாக அமைந்த சூழல் இழப்பு ஆணையம், 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென 2001-ல் நிர்ணயித்தது. இழப்பீடு பெறாதோர்க்கு ஆறு வாரங்களுக்குள் அதனை வழங்குமாறு 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அந்நீதிமன்றமே மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று.

தந்தை கொடுத்த மனுவுக்கு மகன் ஆதாரம் காட்டவேண்டிய நிலை இதனால் நேரக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் உணர்தல் வேண்டும். ஆகவே, பரிசோதனை அறிக்கை, நிலப்படம், பயிர்ச்சேதப் புகைப்படம் முதலியவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் மட்டும் போதாது. அவற்றை எப்பொருளில் பதிந்து வைப்பது என்பதும் ஆராயத்தக்கதாகும்.

பொருள்களின் இயல்பு

பென்டிரைவில் செய்திகள் மின்னூட்டமாகத் தங்குகின்றன. பல ஆண்டுகள் தொடாமல் வைத்தால் அம்மின்னூட்டம் சிறுகச் சிறுகக் கசியும். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். கோடையில் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் வேலூர் வெயிலில், தகரப் பீரோவுக்குள் கிடக்கும் பென்டிரைவை நம்பியிருத்தல் தகாது. கோப்புகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லவே அது ஏற்றது.

ஹார்டு டிஸ்க் விலையை நோக்க மிகுதியாகக் கொள்ளும். ஆயின் அதனுள் சுழலும் தட்டும் நகரும் முனையும் உள்ளன. கீழே விழுந்தால் கெடும். நெடுநாள் ஓடாதிருந்தால் சுழல மறுப்பதும் உண்டு. ஆகையால் ஆண்டுதோறும் இருமுறையேனும் இயக்கிப் பார்த்து, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுதல் நலம்.

சாதாரணக் குறுந்தகட்டில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலும் ஈரமும் அதனை வெளுக்கச் செய்யும். சாயத்திற்கு மாறாகக் கனிமப் படலத்தில் பதியும் தகடுகள் ஒளியையும் வெப்பத்தையும் நன்கு தாங்குகின்றன. விலை சற்று அதிகம். அவற்றைப் படிக்கும் கருவியையும் உடன் வைத்துப் பேணவேண்டும்.

காந்த நாடா உரிய குளிர்ச்சியில் முப்பது ஆண்டுகள் வரை நிற்கும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அதன் கருவி விலை மிக்கதாதலால் மாவட்ட அளவிலான அலுவலகங்களுக்கே பொருந்தும்.

இவ்வட்டாரத்திற்குரிய மற்றோர் இடரும் உண்டு. சுண்ணாம்புத் தொட்டிகளில் சோடியம் சல்பைடு இட்டு உரோமம் நீக்கிய கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்து, மின்கருவிகளின் இணைப்புகளைக் கெடுக்கும். ஆதலின் பதிவுப் பொருள்களைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையுடன் வைத்தல் அவசியம்.

காகிதத்தின் மேன்மை

வாணியம்பாடியை அடுத்த உதயேந்திரத்தில் கிடைத்த செப்பேடுகள் 8-ஆம் நூற்றாண்டின் நந்திவர்மன் பல்லவமல்லனுடைய தானத்தை இன்றும் அறிவிக்கின்றன. செம்பின் உறுதியோடு, எழுத்தறிந்தவர் எக்கருவியுமின்றிப் படிக்க இயலும் என்பதும் அதற்குக் காரணமாகும். அதுபோல, முக்கியமான அறிக்கைகளை அமிலமற்ற தாளில் லேசர் அச்சாக எடுத்துக் கோப்பில் சேர்க்க. வெப்பத்தாளில் அச்சாகும் ரசீதுகளின் எழுத்து சில ஆண்டுகளில் மறையுமாதலால், அவற்றை உடனே நகலெடுக்க வேண்டும்.

பஞ்சாயத்து கைக்கொள்ளத்தக்க முறை

1. ஒவ்வோர் ஆவணத்திற்கும் மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும்.

2. அவை இருவேறு வகைப் பொருள்களில், அதாவது ஹார்டு டிஸ்கிலும் கனிமத் தகட்டிலும் இருக்கட்டும்.

3. ஒரு பிரதி வேற்றூரில் இருக்கட்டும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததை நினைவிற்கொள்க.

4. சர்வே எண், கிணற்றின் பெயர், நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே குறிக்க. அட்டவணையைப் பதிவேட்டில் கையால் எழுதி வைக்க.

5. ஒவ்வொரு கோப்பிற்கும் கம்ப்யூட்டர் கணித்துத் தரும் சரிபார்ப்பு எண்ணையும் குறித்து வைக்க. ஓர் எழுத்து மாறினாலும் இவ்வெண் மாறிவிடும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்பதிவை நீதிமன்றத்தில் காட்டும்போது தரும் சான்றிதழிலும் இவ்வெண் கேட்கப்படுகிறது.

6. மூலக் காகிதத்தை எக்காரணத்தாலும் எறியலாகாது.

கெடாத பொருள் என்று எதுவும் இல்லை. விதை நெல்லை ஆண்டுதோறும் வெயிலில் காயவைத்துப் பூச்சி பார்க்கும் குடியானவர், அதே கவனத்தை இப்பிரதிகளின் மீதும் செலுத்துவாராக. ஆண்டுக்கொரு கிராம சபைக் கூட்டத்தில், சென்ற ஆண்டின் கோப்பொன்றைத் திறந்து காட்டச் செய்தல் நல்ல வழக்கமாகும்.