பெருமூச்சு விட்ட பெட்டி

சென்ற ஆனி மாதத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆஸ்த்மா கண்டது. இந்த வியாதியைக் கண்டுபிடித்துப் பெயரிட்டவள் என் மனைவி. மேஜைக்கு அடியில் பரம சாதுவாக வீற்றிருந்த அந்தக் கறுப்புப் பெட்டி, திடீரென்று காலை முதல் இரவு வரையில் 'உஸ், உஸ்' என்று பெருமூச்சு விடத் தொடங்கியது. ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் தோன்றுவதற்குள் ஒரு வாய் காப்பி அருந்தி விடலாம். பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்துக்கோ இன்னும் நான்கே நாள்தான் பாக்கி!

பழுது பார்க்கும் கடையிலிருந்து ஒரு வாலிபரை அழைத்து வந்தோம். அவர் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதற்கு வயதாகி விட்டது, ஸார்! புதிதாக ஒன்று வாங்கி விடுங்கள்" என்றார். பெட்டிக்கு வயது ஐந்து. எனக்கு ஐம்பத்தெட்டு. அந்தத் தீர்ப்பு எனக்கு ருசிக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராஸஸர், வேலை அதிகமானால் சூடேறும். சூடேறினால் அதன் மேல் உள்ள விசிறி வேகமாகச் சுழலும். ஆகவே பெருமூச்சு என்பது நோய் அல்ல. யாரோ உள்ளே உட்கார்ந்து மூளையிடம் ஓயாமல் வேலை வாங்குகிறார்கள் என்பதற்கு அடையாளம். அந்த ஆசாமி யார் என்று கேட்காமல் புதுப் பெட்டி வாங்குவதில் என்ன பிரயோஜனம்? பழைய வீட்டுத் திருடனைப் புது வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போன கதையாக முடியலாம்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸில் 'டாஸ்க் மானேஜர்' என்ற பட்டியல் திறக்கும். 1996-ம் வருஷத்தில் விண்டோஸ் என்.டி. 4.0 என்னும் பதிப்போடு வந்த ஏற்பாடு இது. அதில் 'சி.பி.யு.' என்ற தலைப்பைத் தட்டினால், பந்தியில் அதிகமாகச் சாப்பிடுகிறவர் யாரோ அவர் முதல் இலைக்கு வந்து விடுவார்.

முதல் இலைக்காரர் எல்லாரும் குற்றவாளி அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்போதும், டிபெண்டர் என்னும் காவற்காரன் வீட்டைச் சோதனை போடும்போதும் மூளைக்கு வேலை மிகுதிதான். ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விட்டால் தானே அடங்கிவிடும். குரோம் பிரவுஸர் முதலிடத்தில் இருந்தால், அதற்குள்ளேயே ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்திப் பாருங்கள்; திறந்து வைத்த இருபது பக்கங்களில் எது தின்கிறது என்று தனிப் பட்டியல் வரும். 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்ற பெயர் ஓயாமல் மேலே நின்றால், வெளியிலிருந்து செருகிய சாதனங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது நலம்.

எங்கள் வீட்டில் விசாரணை நடத்த வந்தவர் அடுத்த வீட்டு நண்பர். கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டியலின் 'டீடெய்ல்ஸ்' ஏட்டைப் புரட்டியவர், "பிடித்து விட்டேன் ஐயா, திருடனை! 97 பங்கு இவனே தின்கிறான்!" என்று கூவினார். திருடனின் பெயர் 'சிஸ்டம் ஐடில் பிராஸஸ்'. அவனை ஒழித்துக்கட்ட முயன்றார், விண்டோஸ் சம்மதிக்கவில்லை. ஏனெனில் அந்த எண், மூளை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதன் கணக்கு. திண்ணையில் தூங்குகிறவனைத் திருடன் என்று கட்டிப்போடப் பார்த்தார் நண்பர்!

ஆனால் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்குச் 'சுருக்'கென்றது. நூற்றுக்கு 97 பங்கு ஓய்வாக இருக்கும் மூளைக்கு மூச்சிரைப்பானேன்? காது கொடுத்துக் கேட்டேன். பெட்டி நிசப்தமாக இருந்தது! பட்டியலை மூடினேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் 'உஸ், உஸ்'. திறந்தேன், அடங்கியது. மூடினேன், ஆரம்பித்தது. போலீஸ்காரரைக் கண்டால் வாய்க்குள் இருக்கும் லட்டுவை அப்படியே நிறுத்திக்கொள்ளும் திருடன் ஒருவன் உள்ளே இருந்தான்.

டாஸ்க் மானேஜர் திறந்தால் உடனே வேலையை நிறுத்திப் பதுங்கும் கள்ளப் புரோகிராம்கள் உண்டு. மின்னணு நாணயம் திரட்டுவதற்கு ஓயாத கணக்கு வேலை வேண்டும். மொனேரோ போன்ற நாணயங்களுக்குச் சாதாரண வீட்டுப் பிராஸஸரே போதும். உழைப்பும் மின்சாரச் செலவும் நம்முடையவை, நாணயம் வேறொருவனுடையது! இதில் சிக்கியவர்கள் நம்மைப் போன்ற அப்பாவிகள் மட்டும் அல்ல. 2018 பிப்ரவரி 11-ல், வலைப் பக்கங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஓர் உதவிப் புரோகிராமில் விஷமிகள் கைவைத்ததால், நாலாயிரத்துக்கு மேற்பட்ட வலைத் தளங்கள் பார்வையாளர்களின் கம்ப்யூட்டர்களை இப்படி உழைக்க வைத்தன. பிரிட்டனில் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசாங்கக் கமிஷனர் அலுவலகத்தின் தளமும் அவற்றில் ஒன்று! அதற்குப் பயன்பட்ட காயின்ஹைவ் என்னும் சேவை 2019 மார்ச்சில் மூடப்பட்டது. அந்த ரகமாவது பக்கத்தை மூடினால் போய்விடும். எங்கள் விருந்தாளி குடியேறியே விட்டான்.

கதவைத் திறந்துவிட்டது யார்? என் தமக்கை மகன், சிரஞ்சீவி மருமான். விலை கொடுத்து வாங்க வேண்டிய படம் திருத்தும் புரோகிராம் ஒன்றை அவன் 'இலவசமாக'க் கொண்டுவந்து போட்டிருந்தான். "முதலில் டிபெண்டரை நிறுத்தச் சொன்னது, மாமா, நிறுத்தினேன்" என்றான். காவற்காரனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று சொல்லும் விருந்தாளியைக் கண்டு, பிள்ளையாண்டானுக்குச் சந்தேகம் தோன்றவில்லை!

முதலில் இண்டர்நெட் இணைப்பைத் துண்டித்தோம். டிபெண்டரில் 'ஆப்லைன் ஸ்கேன்' என்று ஒரு முறை இருக்கிறது. விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே, அதாவது திருடனும் எழுந்திருப்பதற்கு முன்பே, சோதனை நடக்கிறது. கால் மணி நேரத்துக்குள் ஆசாமி அகப்பட்டான். சோதிக்க வேண்டாத இடங்கள் என்று டிபெண்டர் வைத்திருக்கும் பட்டியலில் அவனுடைய அறை ஒன்று எழுதப்பட்டிருந்தது; அதையும் அடித்தோம். பாங்கிக் கணக்கு முதலியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றினேன். வேலை வாங்கியவன் வேறு எதையெல்லாம் பார்த்தானோ, யார் கண்டது? இத்தனைக்கும் பிறகு அவன் திரும்பியிருந்தால், முக்கியமான கடிதங்களையும் படங்களையும் பத்திரப்படுத்திக்கொண்டு விண்டோஸையே புதிதாக நிறுவியிருப்பேன். அதற்கு அவசியம் நேரவில்லை.

விண்ணப்பம் கடைசி நாளுக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தது. மருமான் இப்போது கிம்ப் என்னும், உண்மையிலேயே இலவசமான, புரோகிராமில் படம் திருத்துகிறான். என் மனைவிக்கு மட்டும் புதுக் கவலை ஒன்று வந்திருக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை மேஜைக்கு அடியில் குனிந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தத்தையே காணோமே! உயிரோடுதான் இருக்கிறதா?" என்கிறாள்.