யார்க்‌ஷயர் குடும்பப் பெயருக்குள் ஒளிந்திருந்த ஆப்பிரிக்க மூதாதை... டிஎன்ஏ சொன்னது என்ன?

பார்க்க அசல் வெள்ளைக்கார இங்கிலீஷ்காரர். கிழக்கு யார்க்‌ஷயரைச் சேர்ந்த அரிதான குடும்பப் பெயர் அவருக்கு. டிஎன்ஏ ஆய்வுக்கு சாம்பிள் கொடுத்தவரின் ரிசல்ட்டைப் பார்த்து ஆய்வாளர்களே அசந்துபோனார்கள். அவரது ஒய் குரோமோசோம் 'ஏ1' வகை. அதுவரை மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினர் மிகச் சிலரிடம் மட்டுமே பதிவான வகை அது!

லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது.

பெயருக்கும் டிஎன்ஏவுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கிலாந்துக் குடும்பப் பெயர், நம்ம இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறாது. அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே போகும். ஒய் குரோமோசோமும் அதே ரூட்தான்.

'ஸ்மித்' என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால், இரண்டு ஸ்மித்கள் சொந்தக்காரர்களாக இருக்கவேண்டிய அவசியமில்லை. அரிதான பெயர் அப்படியல்ல. நாட்டிங்ஹாம்‌ஷயரில் உள்ள ஊரின் பெயரிலிருந்து வந்த 'அட்டன்பரோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். இதே ஆய்வாளர்கள் 2009-ல் பார்த்தபோது, அந்தப் பெயர் கொண்ட ஆண்களில் 10-ல் சுமார் 9 பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம்!

18 பேரில் 7 பேர்

யார்க்‌ஷயர் பெயருக்கு வருவோம். அதே பெயருள்ள 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேருக்கு 'ஏ1' இருந்தது. மற்றவர்களுக்கு ஏன் இல்லை? ஒரே பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வைத்திருக்கலாம். தத்து, திருமணத்துக்கு வெளியே பிறப்பு என வேறு காரணங்களும் உண்டு.

பழைய ஆவணங்களைத் தோண்டியபோது, இரண்டு குடும்ப மரங்கள் கிடைத்தன. இரண்டுமே 1780-களின் யார்க்‌ஷயரில் போய் நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் ஆவணம் சிக்கவில்லை. ஆனால் குரோமோசோம் ஒன்றுதான். அப்படியென்றால் பொதுவான மூதாதை அதற்கும் முன்பே வாழ்ந்திருக்க வேண்டும்.

அவர் எப்படி வந்தார்?

அடிமை வணிகக் காலத்தில் வந்திருக்கலாம். அதற்கும் முன்பு, ரோமானியர் ஆட்சியிலேயே ஹேட்ரியன் சுவர் அருகே வட ஆப்பிரிக்க வீரர்கள் காவல் இருந்திருக்கிறார்கள். குரோமோசோம் வழியைக் காட்டுமே தவிர, வந்தவரின் பெயரையோ கதையையோ சொல்லாது.

ஆய்வுக் கட்டுரையில் அந்தக் குடும்பப் பெயரையே போடவில்லை. வெறும் 'ஆர்' என்று மட்டும்தான் குறிப்பிட்டார்கள். இவ்வளவு அரிதான பெயரை எழுதினால் ஆளையே அடையாளம் காட்டியதுபோல் ஆகிவிடுமே!

இன்னொரு விஷயம். 10 தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் வரும். ஒய் குரோமோசோம் பேசுவது அதில் ஒரே ஒருவரைப் பற்றித்தான்.