விலை வைத்துக் கேட்டால்தான் தெரியும்: மான்டியோ ஊரின் பட்டியல்

"மக்களைக் கேட்டுத்தான் திட்டம் போட்டோம்" என்று சொல்லாத நகரத் திட்டமே இன்றைக்குக் கிடையாது. எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு நான் திரும்பத் திரும்பப் படிக்கும் உதாரணம் ராண்டால்ஃப் ஹெஸ்டர் மான்டியோவில் செய்த வேலை. பெர்க்லியில் நிலவடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர் அவர்.

மான்டியோ, அமெரிக்காவின் வட கரோலினாவில் ரோனோக் தீவில் இருக்கும் சின்ன ஊர். 1580களில் ஆங்கிலேயர்கள் குடியேறப் பார்த்துக் காணாமல் போன தீவு. 1980 வாக்கில் ஊரில் வேலை இல்லை, கடைத்தெரு களையிழந்து கிடந்தது. 400ஆம் ஆண்டு விழா வருகிறதே, சுற்றுலாவை இழுக்கலாம் என்று ஊர்க்காரர்கள் ஹெஸ்டரைக் கூப்பிட்டார்கள்.

சுற்றுலா வந்தால் பணம் வரும், ஆனா ஊர் போயிடும். எது போகக்கூடாது? நேராகக் கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. நம்ம தொழிலில் இது பழகின கதை. யூசர் ஒண்ணு கேட்பார். லாக் ஃபைலைப் பார்த்தால் அவர் தினமும் அமுக்குவது வேற பட்டன். ஹெஸ்டர் குழுவும் லாக்தான் பார்த்தது. யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்று கவனித்து வரைபடத்தில் குறித்தார்கள். தபால் ஆபீஸ் கடிதம் வாங்க மட்டும் இல்லை, ஊர்ச்சேதி கைமாறும் இடம் என்பது அப்படித்தான் பிடிபட்டது.

அடுத்த படிதான் கெட்டிக்காரத்தனம். அந்த இடங்களையெல்லாம் எழுதி, "சுற்றுலா வருமானத்துக்காக இதை விட்டுக்கொடுப்பீர்களா?" என்று கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். "பிடிக்குமா?" என்று கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ஆமாம்தான் வந்திருக்கும்.

மாட்டோம் என்று மக்கள் நின்றது எவற்றுக்குத் தெரியுமா? ஊரைச் சுற்றியுள்ள சதுப்புநிலம், தபால் ஆபீஸ், டச்சஸ் உணவகம், மருந்துக்கடையின் சோடா கவுண்டர், வீட்டு முன்திண்ணைகள், கல்லறைத் தோட்டம், சரியாகப் படிக்கக்கூட முடியாத உள்ளூர்த் தெருப்பலகைகள்! வெளியாள் கண்ணுக்கு இவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமே இல்லை. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் சட்டத்திலும் இவற்றில் பலவற்றுக்கு இடமில்லை. இந்தப் பட்டியலுக்கு விழுந்த பெயர் 'புனித அமைப்பு'.

வருமானம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, இவற்றைத் தொடாமல் நீர்க்கரையை மேம்படுத்தும் திட்டம் போட்டார்கள். பழங்காலக் கப்பலின் மாதிரியான எலிசபெத் 2 விழாவுக்காகக் கட்டப்பட்டு அங்கே வந்து நின்றது.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. எல்லோரும் ஒரே தபால் ஆபீசுக்குப் போகிற ஊர் அது. பெரிய நகரத்தில் உன் பட்டியலும் என் பட்டியலும் மோதும். நடைபாதைக் கடை ஒருத்தருக்குப் புனிதம், அடுத்தவருக்கு இடைஞ்சல். அங்கே பட்டியலை முதலில் எழுதுவது யார் என்பதே சண்டையாகிவிடும்.