இருமலுக்கு மருந்து... விறகுக் கொட்டாய்!

"டாக்டரய்யா, போன வருஷம் குடுத்தீங்களே, அதே சூரணத்தைக் குடுத்துடுங்க. ஐப்பசி பொறந்தா எனக்கு இருமலும் கூடவே பொறந்துடுது!"

பாகலூர் பக்கத்து கிராமத்திலிருந்து வரும் ஒரு அம்மா, மூன்று வருஷமாக இப்படித்தான் கேட்டு வந்தார். சளிப் பரிசோதனை செய்தாயிற்று, காசநோய் இல்லை. நானும் ஆடாதோடை, தூதுவளை, திரிகடுகு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். தை பிறந்தால் இருமல் நிற்கும். அடுத்த ஐப்பசியில் மறுபடி வந்து நிற்கும்.

ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லைப்புறத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுச் சுவரை ஒட்டி, மண் தரையில் விறகுக் குவியல். மேலே தார்ப்பாய் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்து இறுக்கமாக மூடியிருந்தார். ஒரு கட்டையை உருவினேன். கை ஈரமானது. பட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அதைத்தான் அந்த அம்மா விடியற்காலையில் ஊதுகுழலால் ஊதி ஊதி எரித்து, பிள்ளைகளுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்!

தப்பு அவர் மேல் இல்லை. முதல் வருஷமே, "அடுப்பில் என்னம்மா எரிக்கிறீங்க?" என்று கேட்காமல் மருந்து எழுதினேனே, அது என் தப்பு.

'கேஸ் வந்த பிறகும் விறகா?' என்று நீங்கள் கேட்கலாம். 2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டம் எத்தனையோ வீடுகளுக்கு சிலிண்டரைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் ஓசூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழிக் குளிரில் வெந்நீர் இல்லாமல் முடியாது. வெந்நீருக்கும், களி கிண்டவும், மாட்டுக்குத் தீவனம் வேகவைக்கவும் கேஸை யார் செலவழிப்பார்கள்? தமிழில் விறகு, கன்னடத்தில் சௌதெ, தெலுங்கில் கட்டெலு... மூன்று மொழியும் பேசும் நம் எல்லைப்புறத்தில் கொல்லைப்புற அடுப்பு இன்னும் அணையவில்லை. எரிப்பதென்றால், காய்ந்ததை எரியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஈர விறகு என்ன செய்கிறது?

புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஈரக் கட்டையை அடுப்பில் வைத்தால், நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 540 கலோரி வெப்பம் தேவை. அதனால் அடுப்பின் சூடு இறங்கிவிடும். சூடு போதாவிட்டால் மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுசாக எரியாமல் புகையாக வெளியே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு, கண் எரியும் அமிலங்கள் உண்டு, நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்காரும் நுண்துகள்களும் உண்டு.

வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான் இந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள். இருமல், இரைப்பு, குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்குக் கண்புரை என்று பட்டியல் நீளம்.

எங்கள் சித்த மருத்துவத்தில் தீயை தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். தைலமோ லேகியமோ, அதற்குச் சொன்ன தீயில்தான் பக்குவம் வரும். ஈர விறகை வைத்துக்கொண்டு எந்தத் தீயையும் சீராக எரிக்க முடியாது. மருந்துக்கே இவ்வளவு கவனம் என்றால், மூச்சுக்கு வேண்டாமா?

கொட்டாய் எப்படி இருக்கணும்?

'மழை படாமல் மூடி வைத்தால் போதும்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. விறகுக்கு மேலே கூரை வேண்டும், கீழே இடைவெளி வேண்டும், பக்கவாட்டில் காற்று வேண்டும். நாலு பக்கமும் மூடினால் மரத்திலிருந்து வரும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைத் தூள் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. விறகை வீட்டுக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காதீர்கள்.

ஒரு குடும்பத்துக்கு 8 அடி நீளம், 4 அடி அகலம் தாராளம். வீட்டிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். தீ விபத்துக்கும் கரையானுக்கும் அந்த இடைவெளி நல்லது. முன்பக்கம் 7 அடி, பின்பக்கம் ஐந்தரை அடி உயரம். கூரைத் தண்ணீர் பின்பக்கமாக வழிந்து ஓட ஒரு சின்ன வாய்க்கால்.

முன்பக்கம் தென்மேற்கு பார்த்திருந்தால் ஆடிக் காற்று நேராக உள்ளே நுழைந்து விறகைக் காயவைக்கும். ஐப்பசி மழை அடிக்கும் வடகிழக்கில் பின்பக்கம் வரட்டும். அங்கே பலகைகளை விரல் அகல இடைவெளி விட்டு அடியுங்கள். கூரை எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது.

கால்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்? கல்லுக் கால் நட்டால் மழைக்கும் மக்காது, கரையானும் தின்னாது. தரையிலிருந்து ஒரு அடிக்குக் குறையாமல் ஹாலோ பிளாக் வைத்து, மேலே பழைய இரும்புக் குழாயோ கெட்டியான சட்டமோ பரப்புங்கள். கூரைக்கு தகர ஷீட் போதும். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். அதை அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் நார்த் தூசி நுரையீரலுக்கு விஷம். புகைக்குப் பயந்து கொட்டாய் போட்டுவிட்டு, இந்தத் தூசியை வாங்கிக்கொள்ளலாமா?

அடுக்குவதில்தான் சூட்சுமம்

விறகை ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி, மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். பட்டை, ஈரத்தை வெளியே விடாது. வெட்டு முனையிலும் பிளந்த பக்கத்திலும்தான் ஈரம் சீக்கிரம் போகும். அதனால் வெட்டு முனைகள் காற்று வரும் பக்கம் பார்த்து இருக்கட்டும். இரண்டு வரிசை அடுக்கி, நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். 4 அடிக்கு மேல் உயர்த்த வேண்டாம், சரிந்தால் காலில் விழும்.

கொட்டாயை நடுவில் தடுத்து இரண்டு பாகமாக்குங்கள். ஒன்றில் இந்த வருஷத்துக்கு, இன்னொன்றில் அடுத்த வருஷத்துக்கு. தை, மாசியில் பிளந்து அடுக்கிய மா, மல்பெரிக் குச்சி போன்றவை ஐப்பசி மழைக்கு முன்பே தயாராகிவிடும். புளி, கருவேலம் மாதிரி கெட்டி மரங்களுக்கு ஒரு வருஷம் கொடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டண்' என்று கேட்டால் காய்ந்தது. 'தொப்' என்றால் ஈரம். வெட்டு முனையில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு தெரியும், பட்டை தானாகக் கழன்று வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு கட்டையில் அடையாளம் போட்டு மாதாமாதம் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றதும் எரிக்கலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். கொட்டாயில் விறகு இருந்தால் அந்த நேரத்தில் சுள்ளி பொறுக்கக் காட்டோரம் போக வேண்டியதில்லை.

பேலட் கட்டை... ஜாக்கிரதை!

தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் உடைந்த பேலட்டும் பேக்கிங் பெட்டியும் மலிவாகக் கிடைக்கும். காய்ந்த மரம்தானே என்று அப்படியே அடுப்பில் திணிக்கக் கூடாது. ஏற்றுமதிக்கான பேலட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு காட்டியது, ஒதுக்கிவிடுங்கள். பெயின்ட் அடித்தது, எண்ணெயோ ரசாயனமோ சிந்தியது, பிளைவுட், பச்சை நிற மருந்து ஊறியது எதுவும் வேண்டாம். அந்தப் பச்சை மருந்தில் ஆர்சனிக் இருக்கலாம். எங்கள் நூல்கள் பாஷாணம் என்று எச்சரிக்கும் வகையைச் சேர்ந்த பொருள் அது!

மரங்களிலும் அரளி, சேராங்கொட்டை இரண்டையும் எரிக்கவே கூடாது. அவற்றின் புகையே நஞ்சு.

பாம்பும் தேளும்

தரையோடு கிடக்கும் விறகுக் குவியல் எலிக்கு வீடு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ஒரு அடி உயர்த்தி அடுக்கினால் அடியைப் பெருக்கலாம், டார்ச் அடித்தும் பார்க்கலாம். கட்டையை எடுக்குமுன் கோலால் தட்டுங்கள். இருட்டில் கை விடாதீர்கள்.

அப்படியும் பாம்பு கடித்துவிட்டால்? சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: பச்சிலை தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கடிவாயைக் கீற வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு ஊசிதான் உயிர் காக்கும். சிவப்புத் தேள் கொட்டிய குழந்தைக்கும் மருத்துவமனைதான். மகாராஷ்டிரத்து டாக்டர் பவாஸ்கர் 1980-களில் காட்டிய வழியில், பிரசோசின் என்ற மாத்திரை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சரி, அந்த பாகலூர் அம்மா என்ன ஆனார்? அவர் வீட்டுக்காரரும் மகனும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொட்டாய் போட்டார்கள். முதல் ஐப்பசியில் விறகு பாதிதான் காய்ந்திருந்தது. இருமலும் பாதி குறைந்தது. அடுத்த ஐப்பசியில் அவரைக் காணோம். கார்த்திகையில் வந்தார்.

"இருமலாம்மா?" என்றேன்.

"இல்லீங்கய்யா, முழங்கால் வலி. விறகு பிளந்தது நானாச்சே!" என்று சிரித்தார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால், மருந்துக் கடைக்குப் போகுமுன் கொல்லைப்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.