யு-டர்ன்: எதிரே பார்த்தால் மட்டும் போதாது

சிக்னலில் யு-டர்ன் எடுக்கிறவர்களின் கண் பெரும்பாலும் எதிர்த்திசையிலேயே இருக்கும். வருகிற பஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதற்குள் திரும்பிவிடலாமா என்ற கணக்குதான் மனதில் ஓடும். அந்தக் கணக்கு அவசியம். ஆனால், அது பாதிக் கணக்குதான்.

முதலில் சட்டம். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளின்படி, தடைப் பலகை உள்ள இடத்திலும் வாகன நெரிசல் மிகுந்த சாலையிலும் யு-டர்ன் எடுக்கக் கூடாது. சாலை நடுவே விடாமல் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டியும் திரும்பக் கூடாது. அனுமதி உள்ள இடத்தில் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, பாதை காலியாக இருந்தால் திரும்பலாம். மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம்.

வலதுபக்க அம்புக்குறி பச்சையானால் நமக்கு வழி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம். அங்கேதான் கவனம் வேண்டும். நமக்கு வலப்புறச் சாலையிலிருந்து ஃப்ரீ லெஃப்டில் திரும்பி வருகிற வண்டிகள், நாம் திரும்பி நுழையப் போகும் அதே பாதையில்தான் வந்து சேரும். அந்த ஓட்டுநர், நாம் வலப்புறச் சாலைக்குள் போய்விடுவோம் என்றே எண்ணுவார். முழுதாகத் திரும்பி அவர் முன்னால் வந்து நிற்போம் என்று எதிர்பார்க்க மாட்டார். ஆகவே பாதி திரும்பியதும் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்துவிட்டு நுழைய வேண்டும். வெறும் பச்சை வட்டம் மட்டும் எரிந்தால் எதிர்ப்பக்கத்துக்கும் பச்சை விழுந்திருக்கலாம். நேரே வருகிறவருக்கு வழிவிட்ட பிறகே நம் முறை.

நடந்து போகிறவர்களை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது. சிக்னலில் யு-டர்ன் எடுக்கும் வண்டி ஒரே ஜீப்ரா கோட்டை இரண்டு முறை கடக்கிறது: போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது மறுபாதியில் ஒரு முறை. மீடியனில் நின்று, நேரே வரும் வண்டிகள் நின்றுவிட்டனவா என்று பார்த்துக் காலெடுத்து வைக்கும் ஒரு பாட்டி, நாம் வளைந்து வருவதை எப்படிக் கவனிப்பார்? வலதுபக்க ஸ்டியரிங் உள்ள நம் கார்களில், ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இருக்கும் முன்கண்ணாடியோரத் தூண் ஒரு ஆளையோ பைக்கையோ அப்படியே மறைத்துவிடும். உடம்பைச் சற்று முன்னே சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது இடம். மாருதி ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 10 மீட்டர் அகலம் வேண்டும். குறுகலான மீடியன் உள்ள நான்குவழிச் சாலையில், எதிர்ப்பக்கத்து இரண்டு தடங்களையும் அடைத்துக்கொண்டுதான் அது திரும்பும். திரும்பி முடிக்க ஆறு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அதற்குள் 100 மீட்டரைக் கடந்துவிடும். இடம் போதாது என்று சிலர் இடதுபக்கம் ஒடித்து விலகி, பிறகு வலதுபக்கம் வளைக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் பின்னால் வரும் பைக் வலப்புறமாகப் புகுந்துவிடும். மீடியனை ஒட்டிய தடத்துக்கு முன்கூட்டியே வந்து, அங்கிருந்தே திரும்புவதுதான் சரி. ஒரே வளைவில் முடியாது, ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அந்த இடம் உங்கள் வண்டிக்கானது அல்ல.

நெடுஞ்சாலை மீடியன் திறப்புகளில் அரளிச் செடிகள் எதிர்வரும் வண்டியை மறைக்கின்றன. மீடியனின் அகலம் காரின் நீளத்தைவிடக் குறைவாக இருந்தால், காத்து நிற்கும்போது காரின் பின்பகுதி வேகத் தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

யு-டர்ன் தூரத்தில் இருக்கிறது என்று ராங் சைடில் வருவது இதையெல்லாம் விட மோசம். 2019 சட்டத் திருத்தம் எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலாகவே வகைப்படுத்துகிறது; முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மக்களைக் குறை சொன்னால் மட்டும் இது தீராது. திரும்பும் இடங்களைச் சாலை அமைப்பவர்கள் யோசித்து வைக்க வேண்டும். சென்னை ஓ.எம்.ஆரில் இந்திரா நகர் சந்திப்பில் 2023-இல் திறக்கப்பட்ட யு வடிவ மேம்பாலம், திரும்பும் வண்டிகளை எதிர்ப்பக்கத்துத் தடங்களின் குறுக்கே விடாமல் மேலே ஏற்றி இறக்குகிறது. எல்லாச் சந்திப்பிலும் பாலம் கட்ட முடியாது. அரளியை வெட்டிவிடவும், ஃப்ரீ லெஃப்டில் வருகிறவருக்குத் தெரிகிற மாதிரி ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கவும் பாலத்துக்கான செலவு ஆகாது.