சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு சாக்பீஸ்... யார் இந்த கீத் ஹேரிங்?

1980-ம் ஆண்டு. நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ரயிலுக்காகக் காத்திருந்தார் 22 வயது இளைஞர் ஒருவர். பிளாட்பாரச் சுவர் முழுக்க விளம்பரங்கள். நடுவில் ஒரு பலகை மட்டும் வெறுமையாக இருந்தது. பணம் கட்டிய காலம் முடிந்துபோனதால், பழைய விளம்பரத்தின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி மூடியிருந்தார்கள். அடுத்த விளம்பரம் வரும்வரை அது அப்படியேதான் கிடக்கும்.

அந்தக் கறுப்பைப் பார்த்ததும் இளைஞருக்குக் கை பரபரத்தது. படியேறி வெளியே போனார். கடையில் ஒரு பெட்டி வெள்ளை சாக்பீஸ் வாங்கிக்கொண்டு திரும்ப வந்து, வரைய ஆரம்பித்தார்.

அவர்தான் கீத் ஹேரிங். இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் போடும் டி-ஷர்ட்டில்கூட அவர் வரைந்த உருவம் இருக்கலாம். தவழும் குழந்தை, அதைச் சுற்றி ஒளிக்கதிர்கள். குரைக்கும் நாய். முகமே இல்லாமல் கைகால்களை வீசி ஆடும் மனிதர்கள். கெட்டியான கோடு, அதைச் சுற்றி அசைவைக் காட்டும் சின்னச் சின்னக் கோடுகள். 'இதை நானே வரைவேனே' என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லும். ஹேரிங் காதில் விழுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்!

அப்பா போட்ட பிள்ளையார்சுழி

1958 மே 4-ம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர் ஹேரிங். வளர்ந்தது கட்ஸ்டவுன் என்ற சிற்றூரில். அப்பாவுக்குக் கார்ட்டூன் வரையும் பழக்கம் உண்டு. மகனை உட்கார வைத்து, விதவிதமான உருவங்களை வரையக் கற்றுக்கொடுத்தார். வால்ட் டிஸ்னியும் டாக்டர் சூஸும் பையனுக்கு ரொம்பப் பிடித்தவர்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் விளம்பர ஓவியம் படிக்க பிட்ஸ்பர்க் போனார். அதில் மனம் ஒட்டவில்லை, பாதியில் விட்டுவிட்டார். 1978-ல் நியூயார்க்குக்கு வந்து, 'ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்' கல்லூரியில் சேர்ந்தார்.

அப்போது நியூயார்க் ரயில்களில் கிராஃபிட்டி இல்லாத பெட்டியைப் பார்ப்பதே அபூர்வம். ஏழைக் குடியிருப்புகளில் இருந்து வந்த பதின்பருவப் பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக யார்டுக்குள் புகுந்து, ஸ்பிரே பெயின்ட்டில் தங்கள் பெயர்களை எழுதிவிட்டுப் போவார்கள். ஊர் அதைக் குப்பை என்றது. ஹேரிங்குக்கோ அந்தக் கோடுகளின் வேகம் பிரமிப்பாக இருந்தது. ஆனால் அவர்களைக் காப்பியடிக்கவில்லை. அவர்கள் பெயர் எழுதினார்கள், இவர் படம் வரைந்தார். அவர்கள் ஆளில்லாத நேரம் பார்த்தார்கள், இவர் பட்டப்பகலில், கூட்டத்துக்கு நடுவே நின்றார்.

ஒரே நாளில் 40 படங்கள்!

சாக்பீஸ் கோட்டில் ஒரு சிக்கல். அழித்துத் திருத்த முடியாது. ஆனால் தூரிகையைப் போல வண்ணத்தில் தோய்க்க வேண்டியதில்லை என்பதால் கை நிற்காமல் ஓடும். போலீஸ் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ஓடத்தான் வேண்டும். சில நாள்களில் 40 படங்கள்வரை வரைந்தார். மறுநாளே அதன் மேல் புது விளம்பரம் ஏறிவிடலாம். வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகவே புரியும்.

அவர் வரைய வரைய, ரயிலுக்கு நின்றவர்கள் சுற்றிக் கூடுவார்கள். வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள். 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் சிரிப்பார். அர்த்தத்தைக் கண்டுபிடிப்பது பார்க்கிறவர் வேலை என்பது அவர் எண்ணம். தவழும் குழந்தை பதித்த பேட்ஜ்களைச் சட்டைப்பையில் வைத்திருந்து, பேசுகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார். ஓவியக் கூடத்தின் வாசலை மிதித்தே இராதவர்கள் ஒரு ஓவியர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஹேரிங்குக்கு வேண்டியிருந்ததும் அதுதான். சுரங்க ரயில் நிலையத்தைத் தன் ஆய்வுக்கூடம் என்றே சொல்லி வந்தார்.

எல்லாம் விளையாட்டுப் படங்கள் அல்ல. 1980 டிசம்பரில் பாடகர் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பிறகு, வயிற்றில் ஓட்டை விழுந்த மனிதன் ஹேரிங் படங்களில் வர ஆரம்பித்தான்.

போலீஸ் சும்மா விடுமா? பலமுறை பிடித்து அபராதச் சீட்டு கொடுத்தார்கள். சில தடவை கையில் விலங்கும் ஏறியது. ஆனாலும் அவர் வீடு திரும்பிவிட்டார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1983 செப்டம்பரில், ரயில் நிலையச் சுவரில் எழுதியதாகச் சொல்லி மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயது கறுப்பின இளைஞரைக் கைது செய்தார்கள். போலீஸ் பிடியில் இருந்தபோதே கோமாவுக்குப் போன அவர், 13 நாள்களுக்குப் பிறகு மருத்துவமனையில் இறந்தார். வழக்கில் காவலர்கள் எல்லோரும் 1985-ல் விடுதலையானார்கள். அதே ஆண்டு, கழுத்து நெரிக்கப்படும் கறுப்பு மனிதனைப் பெரிய கேன்வாஸில் வரைந்தார் ஹேரிங். அதே ரயில் நிலையங்களில் அதே தவறைச் செய்த வெள்ளைக்கார இளைஞர் அவர். கண்கூசும் வண்ணங்களோடு இருந்தாலும், அவருடைய படங்களிலேயே பார்க்க மிகக் கஷ்டமானது அதுதான்.

பிய்த்துக்கொண்டு போனார்கள்

1982-ல் நியூயார்க்கின் டோனி ஷஃப்ராசி கேலரியில் கண்காட்சி நடந்தது. ஹேரிங் பெயர் ஊரெங்கும் பரவியது. விலையும் ஏறியது. அதோடு புதிதாக ஒரு தலைவலியும் வந்தது. அவர் சாக்பீஸில் வரைந்துவிட்டு நகர்ந்தால் போதும், யாரோ வந்து தாளோடு கிழித்து எடுத்துப் போய் விற்றார்கள். அங்கே எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் வரைந்தார். இப்போது யாருமே பார்க்க முடியவில்லை. 1985 வாக்கில் சுரங்க ரயில் ஓவியங்களை நிறுத்திக்கொண்டார். அப்படி ரயில் நிலையச் சுவர்களில் இருந்த 31 படங்கள், 2024 நவம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. சுமார் 92 லட்சம் டாலருக்குப் போயின!

மலிவு விலையில் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று 1986 ஏப்ரலில் 'பாப் ஷாப்' என்ற கடையைத் திறந்தார். டி-ஷர்ட், பேட்ஜ், போஸ்டர் எல்லாம் அங்கே கிடைத்தன. 'கலையைக் கடைச்சரக்கு ஆக்கிவிட்டார்' என்று விமர்சகர்கள் பாய்ந்தார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் லட்சக்கணக்கில் விலை போகும் கேன்வாஸை வாங்க முடியாதவருக்கு வேறு என்ன வழி இருந்தது?

அதே ஆண்டு இன்னொரு சம்பவம். ஸ்டுடியோவில் அவருக்கு உதவியாக இருந்த இளைஞர் 'கிராக்' போதைக்கு அடிமையாகிவிட்டார். அந்தக் கோபத்தில், ஹார்லெமில் நெடுஞ்சாலையை ஒட்டி நின்ற விளையாட்டு மைதானச் சுவரில், யாரிடமும் கேட்காமல் 'கிராக் இஸ் வாக்' என்று பெரிதாக எழுதி ஓவியம் தீட்டினார். 'கிராக் படு கேவலம்' என்பதுபோன்ற பேச்சு வழக்குச் சொல் அது. போலீஸ் பிடித்தது, அபராதம் போட்டது. செய்தி பரவியதும் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். இதற்கிடையே யாரோ அந்தச் சுவரையே போதைக்கு ஆதரவான வாசகமாக மாற்றிவிட, பூங்காத் துறை சாம்பல் நிறம் பூசி மொத்தத்தையும் அழித்தது. பிறகு அதே துறை அவரை அழைத்து, திரும்ப வரையச் சொன்னது. சுவர் இன்றும் அங்கே இருக்கிறது.

1986 அக்டோபரில் பெர்லின் சுவரில் சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு, கைகால் கோத்த மனிதச் சங்கிலியை வரைந்தார். கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என இரண்டு ஜெர்மனிகளின் கொடிக்கும் பொதுவான நிறங்கள். வேறு ஆள்கள் விரைவிலேயே அதன் மேல் பூசிவிட்டார்கள். மறு ஆண்டு பாரிஸில், நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையின் 27 மீட்டர் உயரப் படிக்கட்டுக் கோபுரத்தில் வரைந்தது மட்டும் பிழைத்து நிற்கிறது.

நேரம் குறைவு

1988-ல் ஹேரிங்குக்கு எய்ட்ஸ் என்று தெரிந்தது. அவர் ஓரினச் சேர்க்கையாளர். நியூயார்க்கில் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக இறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் பயந்த காலத்தில், 1989-ல் பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். எய்ட்ஸ் அமைப்புகளுக்கும் குழந்தைகளுக்கும் உதவ, தன் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது.

அந்த ஜூன் மாதம் இத்தாலியின் பைசா நகரில், தேவாலயம் ஒன்றின் பின்சுவரில் 180 சதுர மீட்டருக்கு ஓர் ஓவியம். பெயர் 'டூட்டோமோண்டோ', அதாவது 'உலகம் முழுவதும்'. வழக்கமாக ஒரே நாளில் சுவரை முடித்துவிடுகிறவர், இதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். இது அழியாமல் நிலைக்க வேண்டும் என்று விரும்பினார்.

அதே 1989-ல், ஒரு கேன்வாஸின் இடது மேல் மூலையில் மட்டும் ஊதா நிறத்தில் உருவங்களை நெருக்கமாக வரைந்தார். அங்கிருந்து வண்ணம் சொட்டுச் சொட்டாகக் கீழே வழிகிறது. மீதி இடம் வெறுமை. 'முடிக்கப்படாத ஓவியம்' என்று பெயர் வைத்தார். 1990 பிப்ரவரி 16-ம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 31.

2023-ன் கடைசி நாளில் ஒருவர், செயற்கை நுண்ணறிவை வைத்து அந்த வெற்றிடத்தை நிரப்பி, 'இப்போது முடித்துவிட்டோம்' என்ற தோரணையில் சமூக வலைதளத்தில் போட்டார். உலகம் முழுவதிலும் இருந்து திட்டு விழுந்தது. கேன்வாஸின் முக்கால் பங்கு, ஹேரிங் விட்டுப்போனபடியே இருக்கிறது.