திரும்பி வந்ததா, புதுசா வந்ததா?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். ஊட்டி தாண்டி இருக்கிற சோலூர்ல இருந்து ஒரு நேயர் அனுப்பியிருந்தாங்க. அவங்க தம்பிக்குச் சின்ன வயசுல ஏஎல்எல் வகை ரத்தப் புற்றுநோய். கீமோதெரபி முடிஞ்சு ஸ்கூலுக்குப் போய்ட்டிருந்தான். இப்போ மறுபடி ரத்த அணுக்கள் குறையுது. "பழைய நோய் மாதிரி தெரியல, குரோமோசோம் டெஸ்ட் பார்க்கணும்"னு டாக்டர் சொல்லியிருக்கார். அவங்க கேள்வி ஒண்ணுதான்: பழசு இல்லன்னா, இது எங்கேருந்து வந்தது?

அந்தப் பையனுக்கு என்னன்னு டெஸ்ட்தான் சொல்லணும். நான் டாக்டர் இல்ல, கோடு எழுதற ஆளு. ஆனா கேள்விக்குப் பின்னாடி ஒரு கசப்பான உண்மை இருக்கு: புற்றுநோயைக் கொல்லும் சில மருந்துகளே, மிகச் சில குழந்தைகளுக்கு, வேறொரு புது ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவந்துவிடும்.

எப்படி? நம்ம டிஎன்ஏ நூல்கண்டு மாதிரி அடிக்கடி சிக்கிக்கும். டோப்போஐசோமரேஸ் 2 என்ற என்சைம் நூலை வெட்டி, இன்னொரு இழையை நடுவுல விட்டு, திரும்ப ஒட்டிடும். எட்டோபோசைட், டெனிபோசைட், சிவப்பா ஏத்துவாங்களே அந்த டௌனோரூபிசின், டாக்ஸோரூபிசின் எல்லாம் அந்த ஒட்டுற வேலையைத் தடுக்குது. வெட்டு அப்படியே நிக்கும், புற்றுநோய் செல் சாகும். நமக்கு வேண்டியது அதுதான்.

பிரச்சினை, எலும்பு மஜ்ஜையில இருக்கிற நல்ல செல்லுக்கும் வெட்டு விழுது என்பது. பெரும்பாலும் அது சரியாகிடும், இல்லன்னா செத்துடும். எப்போவாவது ஒரு செல், அறுந்த முனைகளைத் தப்பா ஒட்டிக்கிட்டு பிழைச்சிடும். 11-வது குரோமோசோமில், 11க்யூ23 என்ற இடத்தில் கேஎம்டி2ஏ என்றொரு ஜீன் இருக்கு. அது அறுந்து, உதாரணமா 9-வது குரோமோசோமின் துண்டோடு ஒட்டிக்கும். ரத்த செல்லுக்கு "போதும், வளர்ந்து பெரியவனாகு" என்று சொல்ல வேண்டிய ஒழுங்கு அங்கே குலைந்துபோகிறது. செல் முதிராமல் பெருகிக்கொண்டே போகும். இந்த வகை சீக்கிரம் வரும். பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது 1991-ல் வந்த ஒரு ஆய்வு. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் சிங்-ஹான் பூய் குழுவினர், ஏஎல்எல் சிகிச்சை பெற்ற 734 குழந்தைகளைப் பார்த்தார்கள். 21 பேருக்கு இரண்டாவதாக ஏஎம்எல் என்ற வேறு வகை வந்திருந்தது. டெனிபோசைடை, சிலர் எட்டோபோசைடோடு சேர்த்து, வாரம் ஒருமுறையோ இருமுறையோ வாங்கின குழந்தைகளுக்கு ஆபத்து 12 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த மருந்துகளை வாங்காதவர்கள், தொடக்கத்தில் மட்டும் வாங்கினவர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாங்கினவர்கள், இவங்களுக்கு 1.6 சதவீதம். மொத்த டோஸைவிட, எவ்வளவு அடிக்கடி என்பதுதான் பெரிய வித்தியாசம் செய்தது. சர்வர் லோடு பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும்.

இன்னொரு வழியும் உண்டு. சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெல்ஃபலான் போன்ற மருந்துகளுக்குப் பிறகு வருவதில் 5-வது அல்லது 7-வது குரோமோசோம் முழுசாவோ பாதியாவோ காணாமல் போயிருக்கும். இது மெதுவா வரும், பல வருஷம் ஆகலாம். பெரியவர்களிடம் இந்த இழப்பை 1977-லேயே சிகாகோவில் ஜேனட் ரௌலி குழு பதிவு செய்துவிட்டது.

சரி, பழசா புதுசான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? 'கிட்' தெரிஞ்சவங்களுக்கு இது சுலபம். பழைய நோய் திரும்பினா அதே பிராஞ்ச். முதல் தடவை இருந்த குரோமோசோம் மாற்றம் பெரும்பாலும் இப்பவும் இருக்கும். புதுசுன்னா அது இருக்காது, வேற மாற்றம் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் செல்லோட தோற்றத்தை மட்டும் நம்ப முடியாது. முதல்லேயே கேஎம்டி2ஏ மாற்றத்தோட வந்த ஏஎல்எல், சில சமயம் ஏஎம்எல் வேஷம் போட்டுக்கிட்டுத் திரும்பும். ஆள் அதே ஆள்தான்.

இதைத் தெரிஞ்சுக்கறது வெறும் ஆர்வத்துக்கு இல்ல, சிகிச்சையே மாறுது. ஏஎல்எல் திரும்பினா ஒரு மருந்து வரிசை. புது ஏஎம்எல்னா வேறு கீமோ, அதுக்கப்புறம் பெரும்பாலும் இன்னொருவர் தரும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. வேலூர் சிஎம்சியில் 1986-லிருந்து இந்த மாற்று சிகிச்சை நடக்குது. சுலபமான பாதைன்னு சொல்ல மாட்டேன்.

"அப்போ முதல் கீமோவே கொடுத்திருக்கக் கூடாதோ?" வாய்ஸ் நோட்டில் அம்மா பின்னாடி கேட்பது லேசாக் கேட்குது. இல்லம்மா. 1980-களில் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து எம்சிபி 841 என்ற ஒரே கீமோ திட்டத்துக்கு மாறின. அதுக்கு முன்னாடி இங்கே ஏஎல்எல் குழந்தைகளில் பிழைத்தவர்கள் ரொம்பக் குறைவு. அந்த மருந்துகள் இல்லாம அந்த நிலைமை மாறியிருக்காது. இரண்டாவது புற்றுநோய் வருவது அபூர்வம். முதல் நோயைக் கீமோ இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே கிடையாது.

கடைசியா, மலையில இருக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். குரோமோசோம் டெஸ்டுக்கு உயிரோட இருக்கிற, பிரியக்கூடிய செல் வேணும். மஜ்ஜை சாம்பிளை ஹெப்பாரின் குழாயில் எடுத்து தாமதமில்லாம லேபுக்குச் சேர்க்கணும். அதனால, லேப் பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலேயே சாம்பிள் எடுக்க முடியுமான்னு கேளுங்க. ரெண்டாவது, முதல் சிகிச்சையோட ஃபைல்: என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி, அப்போ எடுத்த குரோமோசோம் ரிப்போர்ட். பழைய ஆஸ்பத்திரியில கேட்டா நகல் கிடைக்கும். போட்டோ எடுத்து போன்லயும் வெச்சுக்கோங்க.